அப்பாவுக்கு நான் இன்ஷியல்

அந்த விண்ணப்பத்தின் முதல் கட்டத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. இடது மேல் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'சர்நேம்'. எங்கள் தெருவில் யாரிடமும் இல்லாத ஒன்றை முதல் வரியிலேயே கேட்டது. என்னைக் கேட்டது அதற்கு அடுத்த வரியில்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு. திருச்சியில் ஒரு கல்லூரியில் டியூட்டர் உத்தியோகம், அதுவும் மார்ச்சோடு முடிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் ஹெட் கிளார்க். கல்லூரியில் சேர்ந்த வருஷம் என் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பெயரை நான் வெட்டிவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியதை எனக்குக் கேட்கும்படி அம்மாவிடம் பேசுவார்.

"வாலை நறுக்கிண்டவனுக்கு இன்னும் கொஞ்சம் மோர் வேணுமா, கேளு."

"வேண்டாம்னு சொல்லு."

நடுவில் அம்மா, மோர்ப் பாத்திரத்தோடு. நான்கு வருஷம் இப்படியே சாப்பிட்டோம்.

அந்த வீட்டை விட்டு, அந்த ஊரை விட்டு, அரைத்த மாவும் ஈரத் துணியும் மணக்கும் அந்தக் கூடத்தை விட்டுப் போய்விட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தேவை. இலக்கியம்கூட இரண்டாவதுதான். அமெரிக்காவில் மேற்படிப்பு. இடம் மட்டும் கிடைத்தால் போதாது. சம்பளம் கட்ட வேண்டாத படிப்பு, மாதாமாதம் உதவித்தொகை, கப்பல் டிக்கெட், இவ்வளவும் சேர்ந்து வந்தால்தான் கிளம்ப முடியும். அப்பாவிடம் கேட்பதைவிடக் காவேரியில் இறங்கிவிடலாம். அதிலும் தண்ணீர் இருக்கவேண்டுமே. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதினேன்.

நற்சான்றுக் கடிதம் கேட்டுத் துறைத் தலைவரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இங்கிலீஷ் படிக்க அமெரிக்காவுக்கா? அவங்களே அதை வெளியூர்லேர்ந்து கடன் வாங்கினவங்கப்பா."

"உதவித்தொகை அவங்கதான் சார் தராங்க."

"ஓகோ. அப்ப இலக்கியத்துக்காகப் போகல. சாப்பாட்டுக்காகப் போறீங்க." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று கடிதங்களிலும் ஒரே வாசகம். நான் கடின உழைப்பாளி என்று எழுதியிருந்தார். புத்திசாலி என்று ஒன்றில்கூட எழுதவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மூன்று படிவங்களையும் அங்கே கொடுத்தேன். அதன் சொந்தக்காரர் ஒரு பக்கக் கன்னத்தில் வெற்றிலையோடு அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"சர்நேம்ல என்ன அடிக்கட்டும்? சாதிப் பட்டம் ஏதும் உண்டா?"

"கிடையாது."

"அப்ப இன்ஷியலை விரிச்சுப் போட்டுருவோம் சார். மலாயா போறவங்களுக்கெல்லாம் இப்படித்தான் அடிக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல."

என் இன்ஷியல் அப்பாவின் பெயர். அது முழுசாக, பெரிய எழுத்தில், அந்த வெள்ளைப் பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. என் பெயர் அடுத்த வரியில். எனக்கு அது ஒரு வெற்றியாகக்கூடத் தோன்றியது: கேட்ட இடத்தில் சாதியைத் தரவில்லை. யாரைத் தந்தேன் என்று யோசிக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. காத்திருப்பதைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் காத்திருந்தவர்கள் இல்லை. நகம் கடித்தேன். வகுப்பில் பையன்களைக் காரணமில்லாமல் வெளியே அனுப்பினேன். தபால்காரர் எங்கள் தெருவுக்கு உச்சிவேளையில் வருவார். அந்நேரம் நான் கல்லூரியில், அப்பா பொன்மலையில். வீட்டில் அம்மா மட்டும். தினமும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பேன்.

"எனக்குக் கடுதாசி வந்ததா?"

"உன் பேருக்கு ஒண்ணும் வரலைடா."

பிப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று, டியூட்டர் வேலையையும் கூட்டிக்கொண்டு. உன் பேருக்கு ஒண்ணும் வரலை. உன் பேருக்கு ஒண்ணும் வரலை. அந்த வாக்கியம் வீட்டுக் கடிகாரத்தைவிட ஒழுங்காக அடித்தது.

ஏப்ரல் முதல் வாரம் ஒரு காலை. அப்பா ஆபீசுக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ப் பக்கத்தில். சாத்தமுது சாதத்தைப் பிசைந்தபடி அம்மாவிடம் சொன்னார்.

"ஏண்டி, நான் அமெரிக்கா போறேன். சமாசாரம் தெரியுமோ?"

"காலங்கார்த்தால என்ன விளையாட்டு?"

"விளையாட்டா? வெள்ளைக்காரன் லெட்டர் போட்டிருக்கான். இங்கிலீஷ் படிக்க வாங்கோ, சம்பளம் வேண்டாம், நாங்களே மாசாமாசம் பணம் தரோம்ங்கறான். டியர் மிஸ்டர்னு என் பேரைப் போட்டு. ஐம்பத்தோரு வயசுல எனக்கு வந்த யோகத்தைப் பாரு. அந்தக் குளிருக்குக் கம்பளி வேணும், எடுத்து வை."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா. கடுதாசி வந்ததா?"

"வந்தது."

"தினம் கேட்டேனே!"

"உனக்கு வந்ததான்னு கேட்டே. தபால்காரர் வாசல்ல நின்னு படிச்சது அவர் பேரை. அவர் பேருக்கு வந்ததை அவர்கிட்டதானே குடுக்கணும்?"

"யார் பேர்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"அந்தப் பேரை நான் எப்படிடா சொல்றது?"

சொல்ல முடியாதுதான். கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை என்று வாழ்ந்தவள். அந்த வழக்கத்தின் மேல் அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டையே கொளுத்தியிருப்பேன். அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. அதுதான் எங்கள் குரூரம்.

உறையை அப்பா இடது கையால் எடுத்துக் காட்டினார். பிரித்து, ஆபீஸ் வழக்கப்படி வந்த தேதியை மூலையில் குறித்து வைத்திருந்தார். மிஸ்டர், பிறகு என் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு முழுசாக அப்பாவின் பெயர். இருபத்திரண்டு வருஷம் அவர் எனக்கு இன்ஷியல். இப்போது நான் அவருக்கு. ஒற்றை எழுத்தாக, புள்ளி வைத்து, அவர் காலடியில்.

"அந்த எழுத்து என்னோடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" அம்மாவை நடுவில் வைக்காமல் கேட்டேன்.

அவர் கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"குடும்பப் பேரு வேண்டாம்னு தூக்கி எறிஞ்சவனுக்கு என் பேரு மட்டும் எதுக்குடா? என் பேருக்கு வந்த லெட்டருக்கு நான் பதில் போட்டுட்டேன்."

நான்கு வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"என்ன பதில்?"

"என் லெட்டருக்கு நான் என்ன பதில் போட்டா உனக்கென்ன?"

உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். எழுத்தைப் பார்த்த கண்கள் முத்திரையைப் பார்க்க மறந்துவிட்டன. மூன்றில் எந்தப் பல்கலைக்கழகம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

இலையை எடுக்காமல் எழுந்து ஓடினேன். பஸ் பாலத்தில் ஊர்ந்தது. கீழே ஏப்ரல் காவேரி. மணல், மணல், வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும் மணல். நடுவில் ஒரு சாண் தண்ணீரில் எருமைகள், உலகத்தில் யாருக்கும் எந்தத் தேதிக்குள்ளும் பதில் சொல்ல வேண்டாதவை. அவற்றையும் வெறுத்தேன்.

தந்தி ஆபீசில் மூன்று படிவம் எழுதினேன். மூன்று பல்கலைக்கழகத்துக்கும் ஒரே வாசகம்: தங்கள் உதவித்தொகையை ஏற்கிறேன். இரண்டு பேர் என்னை அழைக்கவே இல்லை. இருக்கட்டும். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு ஊருக்கும் சம்மதமா? மூணு பொண்ணு வீட்டுலயும் மேளம் சொல்லிட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"அனுப்புங்க."

"அனுப்புறவர் பேரு?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் காதைக் கொடுத்தார். மறுபடி உரக்கச் சொன்னேன், வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் இருந்தது.

மே மாதத்துக்குள் பதில்கள் வந்தன. இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு: தாங்கள் எதையும் தர முன்வரவில்லையே என்று வியந்துகொண்டு. இரண்டும் அப்பாவின் பெயருக்கு. மூன்றாவதும் அவர் பெயருக்கே. ஒரே கோடையில் பொன்மலை ஹெட் கிளார்க் ஒருவர் மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இழந்தார்.

மூன்றாவது கடிதத்தை அவரே என் முன்னால் போட்டார். மரியாதையான கடிதம். தங்களிடமிருந்து மறுத்து ஒரு கடிதமும் ஏற்று ஒரு தந்தியும் வந்தன, தந்தி அவசரத்தில் எழுதப்படுவது, கடிதம் யோசித்து எழுதப்படுவது என்பதால் கடிதத்தையே தங்கள் முடிவாகக் கொண்டு இடத்தை வேறொருவருக்கு வழங்கிவிட்டோம், வருந்துகிறோம்.

"விண்ணப்பிச்சது என் பிள்ளைன்னு எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்றேன். என் குரல் உடைந்தது. அதை அவர் கேட்டுவிட்டதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம்.

"கேட்டிருந்தா எழுதியிருப்பேன்."

"கேட்க விட்டேளா?"

"நாலு வருஷமா ஒரே கூடத்துலதான் உக்காந்து சாப்பிடறோம்."

பைலைத் திறந்து ஒரு தாளை உருவினார். ஆபீஸ்காரர், பிரதி வைக்காமல் எதையும் அனுப்பமாட்டார். அவர் எழுதிய பதிலின் கார்பன் நகல். அதை அங்கேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

படித்தேன். தங்கள் அன்பான கடிதம் கிடைத்தது. நான் ரயில்வேயில் பணியாற்றுகிறேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இத்தகைய படிப்புக்கு நான் எப்போதும் விண்ணப்பித்ததில்லை. தங்கள் தாராளத்துக்கு நன்றி. இவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை.

அலமாரியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வருஷம் முழுக்கப் பையன்களின் கட்டுரைகளைக் கீறிய பென்சில். அவர் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர், எங்கேயாவது வழுக்கியிருப்பார். ஒரு எழுத்துப் பிழை, இடம் மாறிய ஒரு கமா, அமெரிக்காக்காரன் சிரித்திருக்கக்கூடிய ஒரு ஆபீஸ் இங்கிலீஷ் சொல். மேலிருந்து கீழாகப் பார்த்தேன். கீழிருந்து மேலாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.