கரடிமேல் வைத்த இரண்டு ரூபாய்

பொது இடத்தில் பணம் வைத்துச் சூதாடுவது சட்டப்படி குற்றம். தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்ற எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் ஏற்காடு திருவிழாவில், புலி, யானை, கரடி படம் போட்ட சூதாட்டப் பலகையில் கரடிமேல் இரண்டு ரூபாய் வைத்தேன். அதற்குமேல் வைப்பதில்லை என்பது என் ஒழுங்கு.

பக்கத்தில் நின்ற, என்னை அலுவலகத்தில் பார்த்திருந்த கொட்டச்சேடு கிராமத்து விவசாயி சிரித்தார். "ஆபீசர் அய்யாவே வைக்கறீங்க. அப்ப கவருமெண்டு பர்மிட்டு இருக்குதுங்க!" மாடு வாங்க வைத்திருந்த பணம் முழுவதையும் கரடியில் வைத்தார். பகடையில் புலி விழுந்தது.

பனி இறங்கும் நேரத்தில் அவர் மனைவி ஓடிவந்தார். "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரைப் பாத்தீங்களா? பஸ்ஸுக்கு வரலீங்க."

தேடிப் போய், ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரை நானும் அவர் மனைவியும் இழுத்துக் கரையேற்றினோம்.

அதன்பிறகு அத்தகைய பலகையருகே நான் வேடிக்கை பார்க்கக்கூட நிற்பதில்லை. மறுநாளே காவல் நிலையத்துக்கு முறைப்படி புகார் அனுப்பினேன். 'விசாரித்ததில் அப்படியோர் ஆட்டம் நடைபெறவில்லை' என்ற பதில், அடுத்த ஆண்டுத் திருவிழாவின் முதல் நாள் வந்தது.