நான் இந்தியாவுக்குப் போன மத்தியானம்

அந்தப் போனை என் கணவர் கத்தாரிலிருந்து, லீவில் வந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல போன். உறை போட்டு, முகப்பில் எங்கள் இருவரின் படத்தையும் வைத்திருந்தார். "ஒண்டையும் அழிச்சுப்போடாத. எல்லாம் செட் பண்ணித்தான் விட்டிருக்கிறன்" என்றார். மன்னார்க் கரையில், தாழ்வுபாட்டில் கருவாடு காயவைக்கிற எனக்கு அதில் அழிக்க என்ன தெரியும்? எவ்வளவு அக்கறையான மனிதர் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் தெரியவந்தது. இன்றைக்கு மன்னார் ரவுணுக்குப் போனாயா, பூசை முடிந்து ஏன் சுணங்கினாய், தையல்காரி வீட்டில் அவ்வளவு நேரம் என்ன கதை. குரலில் கோபம் இருக்காது. சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல்தான். பதில் சொல்லிவிட்டு, யார் இவருக்கு இதையெல்லாம் சொல்கிறார்கள் என்று யோசிப்பேன். யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த வளவில் குடியிருப்பது அவருடைய சொந்தத் தங்கை.

மச்சாளின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த வளவில் சொந்தக்காரர் இருந்தால், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி விட்டுத்தான் வேலி அடைப்பார்கள். அந்த வழிதான் பொட்டு. குழம்புக் கோப்பை போகும், பிள்ளைகள் போகும், கேட்காமலே கோழியும் போகும். தெரு ஒழுங்கையால் சுற்றி வாசல் படலையைத் திறந்து வந்தால் விருந்தாளி. பொட்டால் வந்தால் வீட்டு ஆள். அவர் இல்லாத வருஷங்களில் நான் சிரித்ததும் அழுததும் பொட்டுக்கு அந்தப் பக்கம்தான். எனக்கென்று இருந்த ஒரே ஆள் மச்சாள். அந்த மச்சாள்தான் என்னைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் இரண்டு கிடுகை எடுத்துப் பொட்டை அடைத்தேன்.

அவள் அந்தப் பக்கம் வந்து நின்றாள். "என்ன மச்சாள், கோழி வருதோ?"

"ஓம், கோழி" என்றேன்.

பொட்டை அடைப்பதென்றால் எங்களுக்குள் கோர்ட்டுக்குப் போவதைவிடப் பெரிய விஷயம். அவளுக்கு விளங்கியிருக்கும். அதன் பிறகு எனக்குள் எல்லாம் மரத்துப்போனது. கருவாட்டைப் பிரட்டுவேன், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன், போன் அடித்தால் எடுத்துப் பதில் சொல்வேன். நாள் போனது.

அப்படியிருக்கும்போது தலைமன்னாரில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு செத்த வீடு. கடற்கரைக்குக் கிட்ட வீடு. நான் தனியாகப் போய், சேமக்காலை வரை நடந்து, மண் போட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். அங்கே நிற்கும்போது இந்தியாவுக்கு நல்வரவு என்று போனில் ஒரு செய்தி வந்தது. தலைமன்னாரில் அது எல்லாருக்கும் வருவது. அக்கரைக் கோபுரத்தின் சிக்னல் கடலைத் தாண்டி வந்து போனைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஊர்ச் சனம் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து முழுகப் போகுமுன் அவர் கத்தாரிலிருந்து போன் எடுத்தார்.

"மத்தியானம் எங்க நிண்டனி?"

"செத்த வீட்டில. காலமையே சொன்னனான்தானே."

"எந்த ஊரில?"

"தலைமன்னாரில."

"பொய் சொல்லாத. நீ தனுஷ்கோடியில நிண்டிருக்கிறாய். ஆரோட போட்டில போனனி?"

சாமான் விலை தாங்காமல் எங்கள் கரையிலிருந்து சனம் குடும்பம் குடும்பமாய்ப் படகேறி அக்கரைக்குப் போன காலம் அது. அதனால் அவர் கேட்டதை முழு மடத்தனம் என்றும் சொல்லமுடியாது. ஆனால் செத்த வீட்டுக்கு உடுத்த வெள்ளைச் சேலையோடு கடல் தாண்டிப் போய், பிரேதம் எடுக்குமுன் திரும்பி வந்து சேர்ந்தேன் என்றால் நான் பெரிய கெட்டிக்காரிதான். வீடியோவைப் போட்டுக் கிணற்றைக் காட்டினேன், கோழியைக் காட்டினேன், மகளைக் காட்டினேன்.

"இப்ப வீட்டில நிக்கிறாய், சரி. மத்தியானம்?" என்றார்.

போனை வைத்துவிட்டு முழுக எடுத்த துவாயோடு கதிரையில் இருந்தேன். மெல்ல மெல்லத்தான் விளங்கியது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஆனால் எவ்வளவு பொல்லாத ஊர் வாயும் இப்படியொரு பொய்யைச் சொல்லாது. இது மச்சாள் சொன்னதல்ல. மனிதர் யாரும் சொன்னதல்ல. என் கையில் இருக்கிற இந்தச் சாமான் சொன்னது.

அடுத்தநாள் மன்னார் ரவுணில் போன் திருத்துகிறவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் துழாவிப் பார்த்தார். "அக்கா, இதுக்குள்ள ஆப் ஒண்டை ஒளிச்சு வைச்சிருக்கு. நீங்கள் எங்க நிக்கிறீங்கள், ஆரோட கதைக்கிறீங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போகும். சில நேரம் டவரை மட்டும்தான் பாக்கும். இந்தியா டவர் பிடிச்சால் இந்தியா எண்டுதான் காட்டும். அழிக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன். அழித்தால் அதற்கும் ஒரு கேள்வி வரும். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடியது. இத்தனை மாதமும் அது சொன்னதெல்லாம் உண்மை, ஒன்றே ஒன்றுதான் பொய். அந்தப் பொய்யால் எனக்குப் போனது ஒரு பின்னேரம். உண்மையால்தான் மச்சாள் போனாள். அப்படியானால் இது பிழையில்லாமல் வேலை செய்வது நல்லதா, பிழையாய் வேலை செய்வது நல்லதா?

அன்று அவர் எடுத்தபோது நேரே கேட்டேன். "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வைச்சிருக்கலாமே?"

"கேட்டால் ஓம் எண்டிருப்பியோ?"

"ஓம் எண்டிருப்பன்."

அது உண்மை. அவரும் அதை நம்பியிருக்கவேண்டும். பிறகு, "வேலை முடிஞ்சு வந்து படுத்திருந்து அந்தப் புள்ளியைப் பாப்பன். நீ வீட்டில நிண்டால்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். பாவம் என்று தோன்றியது. தோன்றியதே தவிர நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. "சரி, அழிச்சுப்போடுறன்" என்றார். மறுநாள், "அழிச்சிட்டன்" என்றும் சொன்னார்.

நான் போய் வேலியில் கட்டிய கிடுகை அவிழ்த்தேன். அந்தப் பக்கம் மச்சாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கோழி பிடிபட்டுதோ?"

"பிடிபட்டுது மச்சாள். போனுக்குள்ள நிண்டது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் தன் அண்ணனைத் திட்டவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. பலகையைத் தள்ளி, நான் இருக்க இடம் விட்டாள்.

அவர் உண்மையாகவே அழித்தாரா என்று நான் யாரிடமும் காட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பொட்டால் போகும்போது போனை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது.

பிறகு அவர் லீவில் வந்தார். ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்த நேரம் பொட்டால் மச்சாள் வீட்டுக்குப் போய், அவள் தந்த நண்டுக் குழம்போடு பின்வாசலால் வந்தேன். அவர் எழும்பிக் கதிரையில் இருந்தார். "இஞ்சாரும்" என்று கூப்பிட்டார். சூட்டுக் கோப்பையை இறக்கி வைக்க இடம் பார்த்ததில் நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு தன் போனை எடுத்து அந்தப் புள்ளியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வீட்டிலதானே நிக்கிறாய். கூப்பிடக் கேக்கேல்லையோ?" என்றார் போனைப் பார்த்தபடி.

நான் அவருக்கு நேரே, நான்கு எட்டுக்குள் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.