ஏரிக்கரையில் அணைந்த கரி வண்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் யுத்த காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் சாலையில் கரி வண்டி ஓட்டிய டிரைவர்களில் எனக்கு நிகர் கிடையாது. பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் பெரிய இரும்பு உருளையைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓடும். மற்றவர்கள் ஒரு மணி நேரம் விசிறிக் கிளப்புகிற சனியனை நான் அரை மணியில் கிளப்புவேன். பிறகு சொந்தமாக மூன்று பஸ் விட்டதும் இந்தக் கைதான். அப்பேர்ப்பட்டவன் ஓர் ஏரிக்கரையைக் கண்டு நடுங்கினேன் என்பதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி மழையில், சாலை ஏறிப் போகும் அந்தக் கரைமேல் பின்சக்கரம் வழுக்கி, வண்டி தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தது. வேறு எவனாக இருந்தாலும் கவிழ்த்திருப்பான். நான் பிடித்து நிறுத்தினேன். ஒருவருக்கும் கீறல் இல்லை. அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. பத்து நாள் கழித்து, நல்ல வெயிலில், அதே இடம் வந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. கை வியர்த்து ஸ்டீயரிங் நழுவியது. செத்தேன் என்றே நினைத்தேன். கரைக்கு முன்பே நிறுத்தி, "கரி அணைஞ்சிபோச்சி, எல்லாரும் எறங்கிக் கரைய நடந்து தாண்டுங்க" என்றேன். கரி வண்டி அல்லவா, நம்பினார்கள். பிறகு காலி வண்டியை ஊர்ந்து ஓட்டிப் போனேன்.

மறுநாளும் அணைந்தது. அதற்கு மறுநாளும்.

"இன்னா டிரைவரே, டிக்கெட்டு வாங்கிக்கினு நடக்கறதுக்கு இது இன்னா சாமி ஊர்வலமா?" என்றார் ஒரு கிழவர்.

போகப்போகக் காலி வண்டியிலும் நடுங்கினேன். சின்ன மதகைக் கண்டாலும் படபடப்பு வந்தது. வைத்தியர் நாடி பார்த்து, நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கையில் தாயத்து ஏறியது, பயம் இறங்கவில்லை. கடைசியில் முதலாளி கூப்பிட்டுவிட்டார். "திங்கக்கெழமையும் கரையில நின்னா சாவியக் குடுத்துட்டுப் போய்டு."

வீட்டில் நான் சொல்லவில்லை, ஊரார் பேச்சு வந்து சேர்ந்தது. என் மனைவிதான் கேட்டாள். "கரி வண்டின்னா அணையும். அது இன்னாய்யா, தெனம் ஒரே எடத்துல அணையுது?"

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில், தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து கிணற்றில் விழுந்தவள் அவள். அதன்பின் பல நாள் குடத்தோடு கிணற்றருகே சும்மா நின்றுகொண்டிருப்பாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று நான் திட்டியிருக்கிறேன்.

"மொத நாளு கெணத்துக்குப் பத்தடி தள்ளி நின்னேன். ஒடம்பு ஒதறிச்சி. ஓடாம நின்னேன், அது தானா அடங்கிச்சி. மறுநாளு கொஞ்சம் கிட்டப் போனேன். நீ அது அடங்கறதுக்குள்ள வண்டிய நிறுத்திடற. அப்பால அது அடுத்த மதவுல வந்து குந்திக்குது" என்றாள்.

பிற்காலத்தில் பெரிய டாக்டர்களையெல்லாம் பார்த்தேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் என்னைக் கரைக்கு நடத்திக்கொண்டு போனாள். நடுக்கரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரிக்க ஆரம்பித்தாள். எனக்கு மூச்சு முட்டியது.

"செத்துப்பூடுவேன்டி, வா போலாம்."

"செத்தா சொல்லு, போலாம்."

எவ்வளவு நேரமோ தெரியாது. நடுக்கம் உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி, கடைசியில் பசிதான் மிஞ்சியது. மல்லாட்டை கேட்டேன். தீர்ந்துபோயிருந்தது. சாயங்காலத்துக்குள் கரையை மூன்று முறை நடந்தோம்.

திங்கட்கிழமை என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கரை வந்ததும் ஜனங்கள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள்.

"குந்துங்க, இன்னிக்கி அணையாது" என்றாள்.

படபடப்பு வந்தது. பின்னாலிருந்து குரலும் வந்தது. "அணைஞ்சிச்சா?"

"இல்ல."

"அப்ப போ."

போனேன். கரை முடிவதற்குள் பாதி அடங்கிவிட்டது. திண்டிவனத்தில் இறங்கியவளிடம், "நாளைக்கும் வாடி" என்று கெஞ்சினேன். நானா கெஞ்சினேன் என்று இப்போதும் வெட்கம்தான்.

"எனக்குச் செடியிலேர்ந்து மல்லாட்டை ஆயற வேலை கெடக்குது. ஒன் பயத்துக்குத் தெனம் நான் டிக்கெட் எடுக்கணுமா?"

மறுநாள் தனியாக ஓட்டினேன். நடுக்கரையில் நெஞ்சு அடித்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டாவது கியரிலேயே போனேன். சாவி என்னிடமே இருந்தது.