ஓட்டைக் காலணா ஒட்டியாணம்

ஐரீன் அக்காவிடம் அரேபியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் துறைமுகத்தைக் கை காட்டுவாள். கப்பல் வருகிற பக்கம்தானே எல்லா வெளிநாடும் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஆனால் எங்கள் நோட்டீஸில் 'அசல் அரேபிய இடுப்பு நடனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அச்சகத்துக்கு அதை எழுதிக் கொடுத்தது நான். 'அசல்' என்ற சொல்லைச் சேர்த்ததும் நான்தான். அந்தப் பாவம் என்னையே சேரட்டும்.

என் பெயர் லியோனார்ட். பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க். சாயங்காலமானால் அக்காவின் ரோஸ் நடனக் குழுவுக்கு ரெக்கார்டு போடுகிறவன்.

அக்கா ஆட்டம் கற்றது கோடம்பாக்கத்தில். சினிமா தர்பார் காட்சிகளில் மூன்றாவது வரிசையில் நின்று பதினோரு வருஷம் ஆடினாள். முழங்கால் வீங்க ஆரம்பித்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். அக்கா ராயபுரத்தில் தன் ஒற்றை அறை வீட்டில் மூன்று பெண்களை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு தோளிலும் தீப்பெட்டி வைத்து, அது விழாமல் இடுப்பை மட்டும் அசைக்கப் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கடைசி பெஞ்சில் அவளைப் பார்க்கலாம். யாராவது முகம் சுளித்தால் பதிலுக்குச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது, சண்டைதான் வரும்.

குழுவின் உயிர் ஓர் ஒட்டியாணம். வெள்ளைக்காரன் போகிற காலத்தில் நடுவில் துளையோடு ஒரு செப்புக் காசு வந்ததே, ஓட்டைக் காலணா, அதை நான்கு வரிசையாகச் சிவப்பு வெல்வெட்டில் கோத்து அக்கா தன் கையால் தைத்தது. அது இடுப்பில் குலுங்கினால்தான் அரேபியா. தன் முழங்கால் முழுசாகப் போன பிறகு அதை அவள் பூவம்மாவின் இடுப்பில் கட்டினாள்.

பூவம்மா வியாசர்பாடிப் பெண். இருபத்திரண்டு வயது. எழுபதாம் வருஷம் ஒரு திடலில் அவள் ஆடிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. இருட்டில் ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுத்தது. அப்புறம் எத்தனை கைகள் என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் கத்திக்கொண்டே குதித்து அவளை மீட்பதற்குள் முழங்கையெல்லாம் சிராய்த்து ரத்தம். அதற்குப் பிறகு பத்து மாதம் அவள் ஆட வரவில்லை. தண்டையார்பேட்டை கிடங்கு ஒன்றில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வியாசர்பாடிக்குப் போனாள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். டீ குடிப்பாள், மீன் விலையைத் திட்டுவாள், வந்துவிடுவாள். கடைசியில் பூவம்மாவேதான் ஆரம்பித்தாள்.

"வரேங்க்கா. ஆனா வெளிச்சம் இருக்கணும்."

"இருக்கும். அப்டியே போனாலும் உன் முன்னால நான் நிப்பேன். என்ன தாண்டி ஒரு கை வராது" என்றாள் அக்கா.

மாதாவின் மேல் சத்தியமாக என்று வேறு சேர்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பூவம்மா திரும்பி வந்த முதல் நிகழ்ச்சி எழுபத்தொன்றாம் வருஷம் ஆயுத பூஜையன்று, எண்ணூர் போகிற சாலையில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். அன்றைக்கு ஒத்துக்கொண்டதே முட்டாள்தனம். எங்கள் டோலக்குக்காரர் நீலமேகம் காலையிலேயே டோலக்குக்குச் சந்தனம் பூசிப் பூஜையில் வைத்துவிட்டார். மறுநாள் காலை வரை அதை எடுக்க மாட்டாராம். வெறுங்கையை வீசிக்கொண்டு வேனில் ஏறினார். "ரெக்கார்டு கீதே, அது போதும்" என்றாள் அக்கா.

கம்பெனி மைதானத்தில் இரண்டு லாரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, பக்கப் பலகைகளை இறக்கி, மேலே பலகை பரப்பி மேடை போட்டிருந்தார்கள். லாரிகளுக்கும் மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஆலையின் மெயின் ஸ்விட்சுக்கு மாலை போட்டு, ஃபியூஸைப் பிடுங்கி அம்மன் படத்தின் முன்னால் வைத்துவிட்டார்கள். விளக்குக்கு வெளியிலிருந்து வாடகை ஜெனரேட்டர். இதையெல்லாம் பார்த்தபோதே எனக்கு மனசு சரியில்லை.

முதலில் கடல் காற்று வந்து எங்கள் அரேபிய அரண்மனைத் திரையைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு ஒட்டியாணத்தின் கொக்கி உடைந்தது. அக்கா இரண்டு ஊக்கை மாட்டிப் பூவம்மாவின் இடுப்பில் நிறுத்தினாள். மேடையில் பெண்கள் ஆட ஆட, லாரியின் ஸ்பிரிங் துள்ளி என் ரெக்கார்டு பிளேயரின் முள் ஒரே வரியில் குதித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைத்து நான் நிமிர்வதற்குள் வேர்வை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. இவ்வளவும் சில்லறைத் தொல்லை. பொறுத்துக்கொள்ளலாம்.

பொழுது சாய்ந்ததும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். கேட்டு திறந்தே கிடந்ததால் வெளி ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். மைதானம் முழுக்க ஆம்பளைகள். அரேபிய நடனத்துக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். பூவம்மா மேடைக்கு வந்து நின்று, இடுப்பை ஒரு தரம் அசைத்தாள். காசுகள் குலுங்கின. விசில் பறந்தது.

சரியாக அப்போது ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

விளக்கு போயிற்று. மைக் போயிற்று. பாட்டு கரகரத்துச் செத்தது. நவமி நிலாவும் மேகத்துக்குள் போய்விட்டது. அப்புறம் ஐந்நூறு தொண்டைகளிலிருந்து ஒரே ஊளை.

நான் ஜெனரேட்டரிடம் ஓடினேன். டீசல் குழாயின் நட்டு அதிர்ச்சியில் கழன்று எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. கால் திருகு திருகினால் போதும். "ஸ்பேனர் குடு" என்றேன்.

"கடையில பூஜைல வெச்சுட்டேன் சார்" என்றான் வாடகைக்காரன்.

சுற்றி நின்றவர்களைக் கேட்டேன். அத்தனை பேரும் ஃபிட்டர்கள். ஆலையின் ஸ்பேனர்கள் எல்லாம் அம்மன் முன்னால், வீட்டு ஸ்பேனர்கள் வீட்டுப் பூஜையில். எதையும் காலை வரை தொடக்கூடாது. என் ஆத்திரத்தை என்ன சொல்ல! வெறுங்கையால் நட்டைப் பிடித்தேன். சூட்டில் விரல் பொத்துப்போனது.

மேடையில் பூவம்மா அசையாமல் நின்றாள். அக்கா நொண்டிக்கொண்டே போய் அவள் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள். மேடைக்குக் காவலாக நீலமேகம் ஒரு பக்கம் ஓடி நின்றார். நான் இன்னொரு பக்கம். ஒரு எலுமிச்சம்பழம் பறந்து வந்து என் காதருகே பலகையில் மோதியது. யாரோ லாரியைப் பிடித்து ஆட்டினார்கள். ஸ்பிரிங் லாரி, படகு மாதிரி ஆடியது. மேடை விளிம்பில் ஒரு கை தெரிந்தது. அக்கா அதைச் செருப்புக்காலால் மிதித்தாள். கை கீழே போனது. இன்னொரு இடத்தில் இரண்டு கைகள் முளைத்தன. வேன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது, நடுவில் இந்தக் கூட்டம். லாரியையே ஓட்டிக்கொண்டு போகலாமென்றால் அதன் சாவியும் பூஜையில்.

"இன்னா மாமு, இருட்டுன்னா அவ்ளோ தைரியமா?" என்று அக்கா மைக் இல்லாமலே கத்தினாள். "பெரியவங்க யாருமே இல்லியா இங்க?"

டார்ச் விளக்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபோர்மேன் பக்தவச்சலம் வந்தார். பூஜை போட்டவர் அவர்தான். நெற்றியில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது.

"நைனா, ஒரே ஒரு ஸ்பேனர். நட்ட முடுக்கினு திருப்பிக் குடுத்துடறோம்" என்றாள் அக்கா.

"முடியாதும்மா. வெச்சது வெச்சதுதான்."

"பொண்ணு மேடையில நிக்குது நைனா."

அவர் டார்ச் வெளிச்சத்தைத் தன் இடது கையின் மேல் அடித்தார். இரண்டு விரல்கள் இல்லை.

"மூணு வருசத்துக்கு முன்னால இதே ராத்திரி நான்தான் ஒரு சுத்தியை எடுத்தேன். அடுத்த வாரமே அச்சுல மாட்டினு ரெண்டு வெரலும் போச்சு. அம்மா முன்னால எடம் காலியா கெடக்கக் கூடாதும்மா. இத்தினி பேரு கைக்கு நான் ஜவாப்தாரி."

அந்த மனிதரை என்னால் திட்ட முடியவில்லை. பயந்த மனிதரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? லாரி மறுபடி ஆடியது.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எடம் காலியா வுட்டாத்தான தப்பு? உங்க ஆயுதத்தை எடுத்த எடத்துல எங்க ஆயுதத்தை வெச்சா?"

"உங்க ஆயுதம் இன்னா?"

"இந்தப் பொண்ணு இடுப்புல கீதே, அதான். எங்க ஆறு பேரு சோறு அது."

பக்தவச்சலம் யோசித்தார். யோசித்தார், யோசித்தார், எனக்கு ஒரு வருஷம் ஆனது போலிருந்தது. கடைசியில், "வெச்சா காலைல வரைக்கும் எடுக்க முடியாது. சம்மதமா?" என்றார்.

"சம்மதம். நானே எடுத்துனு வரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா ஓரடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அவள் நகர்ந்தால் பூவம்மாவின் முன்னால் யார் நிற்பது? சத்தியம் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

பின்னால் ஊக்கு கழலும் சத்தம் கேட்டது. பூவம்மா ஒட்டியாணத்தை அவிழ்த்திருந்தாள்.

"நீ இங்கியே நில்லுக்கா. நான் போறேன்."

"அடியே, வேணாம்டி!"

அவள் கேட்கவில்லை. மேல்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒட்டியாணத்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பக்தவச்சலத்தின் டார்ச் வெளிச்சத்தில் லாரியிலிருந்து அந்தக் கூட்டத்துக்குள் இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் நாலடி போயிருந்தாள். பக்தவச்சலம் முன்னால் நடந்தபடி, "அம்மா முன்னால வெக்கப் போவுது, வழி வுடு, செருப்பு போட்டவன் தள்ளி நில்லு!" என்று கத்திக்கொண்டே போனார்.

கூட்டம் விலகியது. சற்றுமுன் லாரியை ஆட்டிய அதே ஆட்கள். பூஜைக்குப் போகிற பொருள் அவள் கையில் இருந்தது, மேலே பட்டுவிடக் கூடாதே என்று அவர்கள் ஒருவரையொருவர் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். ஒருவன் வாயிலிருந்த பீடியைத் துப்பினான். அறுபது கஜ தூரம். காசுகள் குலுங்கும் சத்தம் மட்டும் இருட்டில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. அது எந்த இடத்திலும் நிற்கவில்லை. அக்கா மேடையில் கைகளை விரித்தபடி, பின்னால் யாருமே இல்லாமல், அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்தவச்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். அந்த இடத்தில் பூவம்மா ஒட்டியாணத்தை வைத்தாள். நட்டு இறுகியது. விளக்கு வந்தது.

வெளிச்சத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் பழைய புத்தி திரும்பியது. அரேபியா, அரேபியா என்று கூச்சல். அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"அரேபியா பூஜையில கீது மாமு. உங்க சட்டந்தான். காலைல ஒம்பது மணிக்கு எடுப்பாங்க. பாக்கணும்னு ஆசைப்படறவன் பொண்டாட்டி புள்ளையோட வா."

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். அரை மணி நேரத்தில் மைதானம் காலி.

மறுநாள் காலை ஒன்பது மணி தாண்டி வேனை விட்டு இறங்கினால், மெய்யாகவே குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன. பக்தவச்சலம் ஒட்டியாணத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். ஒவ்வொரு காசிலும் ஒரு பொட்டு சந்தனம். உடைந்த கொக்கி இருந்த இடத்தில் புதுசாக ஒரு பித்தளைக் கொக்கி. ஒன்பது மணிக்கு ஆயுதம் எடுத்ததும் அவர்கள் செய்த முதல் வேலை அதுதானாம். நான் வழக்கம்போல யார்மீதோ எரிந்து விழுந்தேன்.

நீலமேகம் சந்தனம் காயாத டோலக்கோடு உட்கார்ந்தார். பூவம்மா மேடையேறினாள். நல்ல வெயில். அதைவிட வெளிச்சம் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அக்கா பழக்கதோஷத்தில் மேடையின் கீழே, கூட்டத்தைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காவல் நின்றாள்.

டோலக்கு ஆரம்பித்தது. காசுகள் ஒரு முறை குலுங்கி நின்றன.

"அக்கா" என்றாள் பூவம்மா மேலேயிருந்து. "கொஞ்சம் நவுந்து நில்லு. உன் தல மறைக்குது."