கறுக்காத ஒயில்

பரிமளா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை பல்லேகல பட்டறைக்கு வந்தது. புசல்லாவையிலிருந்து அவருடைய தம்பி போனில் பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். படுத்தவங்க எழும்பல." அக்காவுக்கு முப்பத்துநான்கு வயது. முதல் நாள் மாலை அவர் சோதனைக்காக வடிதாளில் விட்ட ஒயில் துளி மேசையில் இன்னும் பரவிக்கொண்டிருந்தது. பென்சிலால் விளிம்பைக் குறித்துப் பார்த்தேன். நகர்ந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

பஸ்களின் ஒயிலைப் பரிசோதிப்பது எங்கள் இருவரின் வேலை. எங்களுக்குள் சண்டை அதிகம். போன வருடம் நுவரெலியா பஸ் ஒன்றின் ஒயில், மாற்றி இரண்டு மாதமாகியும் கறுக்கவேயில்லை. தடிப்பு சரியாக இருந்தது. பஸ் ஓடலாம் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அக்கா பஸ் சாவியைத் தரவில்லை.

"தேன் மாதிரி ஈக்கிது, இன்னும் என்ன பாக்கிற?" என்றார் அந்த பஸ்ஸின் டிரைவர், திகன ஊர்க்காரர் நஸார் நானா.

"அதுதான் நானா பயம். கரியெல்லாம் எங்க போச்சு?"

"அக்கா, சும்மா பேய்க்கதை சொல்லாதீங்க" என்றேன்.

"அறுபது பேர் போற பஸ். இஞ்சினியர் தம்பி ஏறுவீங்களா?"

இஞ்சின் மேல்மூடியைக் கழற்றினோம். உள்ளே கறுப்புக் களி, விரல் வைத்தால் குழி விழுந்தது. அப்படியிருந்தும் அந்த இஞ்சின் அன்று காலைவரை இனிமையாகத்தான் ஓடியது. நல்ல ஒயிலில் கலக்கும் சேர்மானங்கள் கரியை ஒட்டவிடாமல் தம்மோடு சுமந்து வரும். அதனால்தான் ஒயில் கறுக்கும். யாரோ சேர்மானமில்லாத வெறும் ஒயிலை எங்களுக்கு விற்றிருந்தார்கள். படித்த எனக்கு இது தெரியாததல்ல. அவசரம்.

சாவதற்கு ஒரு வாரம் முன்பு, களைப்பு என்று போய் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை அக்கா என் முன்னால் நீட்டினார்.

"எல்லாம் சுத்தமாம் தம்பி. ஒரு குறையும் இல்லையாம்." சிரித்தார். "எனக்கு நம்பிக்கையில்ல."

"பிறகென்ன, வேலையப் பாருங்க" என்றேன். அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கை ஈயம்போல வெளிறியிருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பயம் ஒன்றைத்தான். இப்போது யாராவது "ஒன்றுமில்லை" என்றால், கையிலிருப்பதை வைத்துவிட்டு, இரண்டாம் தடவை கேட்கிறேன்.