மரியாதை தெரிந்த பேய்

“...அதுக்குன்னு, செத்துப்போயிட்டா மரியாதையும் கூடவே செத்துப்போயிருமுங்களா?”

கேட்டவர் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற ஒரு அம்மா. புதுச்சத்திரத்துக்காரர். கேட்ட இடம், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சீட்டு தைத்து முடித்து நின்ற ஒரு புது லாரியின் கேபின். மத்தியானம் ஒன்றேகால் மணி இருக்கும். யாருடைய மரியாதையைப் பற்றிப் பேச்சு என்றால், அவர் எழுதிய கதையில் வருகிற பேயின் மரியாதை.

உள்ளே நாங்கள் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு லாரி சீட்டுக்குக் குஷன் தைக்கிற வேலை. பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களிடம்தான். கொலை, பேய், பழி, துப்பு. அட்டையில் ஒரு கத்தி, ஒரு பெண்ணின் பாதி முகம், பின்னால் கட்டாயம் ஒரு நிலா. பழைய புத்தகக் கடையிலும் அள்ளி வருவேன். அதில் ஒரு சங்கடம், கடைசித் தாள் பெரும்பாலும் இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் கதையில் வந்த அத்தனை பேர் மேலும் வருஷக்கணக்காகச் சந்தேகம் வைத்திருந்திருக்கிறேன்.

கையில் நல்ல போன் வந்த பிறகு, இப்படிப்பட்ட கதைப் பைத்தியங்கள் கூடிய ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள், கடையில் நிற்கிறவர்கள். யாருக்கும் தட்டி எழுத நேரம் கிடையாது, எல்லாம் குரல் பதிவுதான். காலை டீயோடு வரிசையாகக் கேட்பேன். ஒரு டேங்கர் ஓட்டுநர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “பேய்ப் படத்துல பயமா இருக்கறது பேயி இல்லீங்க. அதுவரைக்கும் அடிச்சுக்கிட்டிருந்த மியூசிக்கு பட்டுன்னு நின்னு போவுது பாருங்க, அதுதான்.” ராசிபுரத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் சொல்வார்: “துப்பறியறவன் சிகரெட்டப் பத்த வெச்சான்னாலே, எழுதறவருக்கு அடுத்து என்னன்னு தெரியலீன்னு அர்த்தமுங்க.” இவர்கள் யாரும் ஒரு வரி விமர்சனம் அச்சில் எழுதியவர்கள் இல்லை. ஆனால் இரண்டு மூன்று நாவலைச் சேர்த்துத் தராசில் போட்டு நிறுத்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குழுவில் ஒருநாள், கடைசித் தாள் போன நாவல் ஒன்றின் அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, முடிவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன். அரைமணியில் ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் ஒரு பண்ணைக் கோழி அத்தனையும் கத்துகிறது.

“கொன்னது அந்த டாக்டருதானுங்ணா. ஆனா அவரா இருக்கப்படாதுங்க. மூணாவது அத்தியாயத்துல அவருக்குக் கை நடுங்குமுன்னு எழுதிப்போட்டு, கடைசில அவரே குறி தப்பாம சுட்டாருன்னா எப்புடிங்க? எழுதுனவரு மறந்துட்டாருங்க.”

தினமும் ஆயிரக்கணக்கான முட்டையை வெளிச்சத்தில் காட்டிக் கீறல் பார்க்கிற கண் அது. கதையிலும் கீறல் அவருக்குத் தப்பாது. இருபது வருஷமாகப் படிக்கிறாராம். அடுத்தவர்கள் எழுதியதில் எல்லாம் கீறல் கண்டுபிடித்தவர், தானும் ஒன்று எழுதி வைத்திருப்பதாக ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். பண்ணைக்குத் தீவனம் வரும்போது கூட வருகிற ரசீதுச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதியது. ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினார்.

சின்னக் கதைதான். மனைவியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, தவறி விழுந்தாள் என்று ஊரை நம்பவைத்த ஒருவன். அவள் இருந்த காலத்தில், சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று “வந்துட்டேனுங்க” என்று ஒரு குரல் கொடுப்பாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அதே நேரத்துக்கு அந்தக் குரல் கேட்கிறது. முதலில் வீட்டுக்கு வருகிற தடத்தில். அடுத்த நாள் வாசலில். அதற்கடுத்த நாள் அடுப்படியில். தலைவிரி கோலம் கிடையாது, சிரிப்பு கிடையாது. “உள்ள வரலாமுங்களா?” என்று கேட்கும். “சாப்ட்டீங்களா?” என்று கேட்கும். கடைசி வரியில் அவன் காதோரம் ஒரு “வந்துட்டேனுங்க”. அவ்வளவுதான் கதை. படித்து முடித்து, தைத்துக்கொண்டிருந்த ரெக்சினைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் வெயிலில் போய் நின்றேன்.

குழுவில் ஆத்தூர்க்காரத் தம்பி ஒருவர் இருந்தார். நாமக்கல்லில் செல்போன் பழுது பார்க்கும் கடை. ஒலியை வெட்டவும் ஒட்டவும் தெரிந்தவர். இதை ஒலிக்கதையாகப் பதிந்து இரண்டு பாகமாக இணையத்தில் போடலாம் என்றவர் அவர்தான். பேய்க்குக் குரல் கொடுக்க, ஜவுளிக்கடையில் மைக் பிடித்துத் தள்ளுபடி அறிவிக்கிற ஒரு பெண்ணைக் குழுவிலிருந்தே பிடித்தோம். கொலைகாரக் கணவன் நான். பதிகிற இடம் என் யோசனை. கூரைக்குக் கீழே ஃபோம், முதுகுக்குப் பின்னால் ஃபோம், மேலே ரெக்சின், கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஒரு சத்தம் உள்ளே வராது. புது லாரி கேபினை மிஞ்சிய அறை எங்கள் ஊரில் வேறு ஏது?

ஒரே தடை, பட்டறையில் கிரைண்டரும் சுத்தியலும் ஓய்வது மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும். முக்கால் மணி நேரம். ஆக, உச்சி வெயிலில், வேர்வை புருவத்தில் சொட்டச் சொட்ட, போனைத் துண்டில் சுற்றி ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் பேய்க்கதை பதிந்தோம். பட்டறை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வர்ற வாரம் வண்டிக்காரரு பூசை போட வாராருங்க. எதையாச்சும் சீட்டுக்கு அடியில உட்டுட்டுப் போயிராதீங்க சாமி. அப்பறம் எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை வேணும்.”

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் புது ரெக்சின் வாசம் வருகிறது. அந்தம்மா கீறல் விழுந்த முட்டைகளை அவித்துத் தூக்குப்போசியில் கொண்டு வருவார். உப்பு மிளகு தொட்டுத் தின்றுகொண்டே, பேய்க்கு நிழல் உண்டா, நாய் முதலில் குரைக்க வேண்டுமா ஊளையிட வேண்டுமா என்று நால்வரும் அடித்துக்கொள்வோம். அப்படியொரு சண்டையை நான் வேறு எதற்காகவும் அவ்வளவு சந்தோஷமாகப் போட்டதில்லை. வேலையிலும் சண்டை உண்டு, வீட்டிலும் உண்டு. நாய் ஊளைக்காகப் போடுகிற சண்டை வேறு ருசி.

இன்று அந்தக் குழுவில் காலை வணக்கமும் பூப்படமும்தான் வருகின்றன. ஆத்தூர்த் தம்பி சென்னையில் ஏதோ ஒலிக்கூடத்தில் இருக்கிறார். ஜவுளிக்கடைப் பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அந்த லாரி எந்த மாநிலத்தில் எந்தச் சரக்கோடு ஓடுகிறதோ. ஹைவேயில் அந்த நிற வண்டி எதிரே வந்தால் மட்டும், நான் தைத்த சீட்டா என்று கேபினை ஒரு கண் பார்த்துவிடுகிறேன்.

அந்த நாட்களில்தான் முதல் பாகம் வெளியானது. அந்தம்மா வேலை செய்யும் பண்ணையில் முட்டை மேஜையைச் சுற்றி நின்று எல்லாப் பெண்களும் ஒரே போனில் கேட்டார்களாம். “எங்க வாயில இருக்கற பேச்சு போனுக்குள்ள இருந்து வருதுங்ணா. ஒருத்தியும் முட்டைய எடுக்கலீங்க, அப்புடியே நின்னுக்கிட்டிருந்தாளுங்க” என்று எனக்குச் சொன்னார். வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டாராம். “எந்திரிச்சுப் போயி கதவுக்குத் தாப்பா போட்டுட்டு வந்து உக்காந்துக்கிட்டாருங்க.”

ஆனால் இணையத்தில் வெளியூர்க்காரர்கள் எழுதியது வேறு மாதிரி. ‘இது பேயா, பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரங்களா?’ என்று ஒருவர். ‘இந்தப் பேய் வந்தால் காபி போட்டுக் கொடுத்து உட்கார வைப்பேன்’ என்று இன்னொருவர். அதற்குக் கீழே நூறு சிரிப்புப் பொம்மைகள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் எழுந்தது முதல் ‘ங்க’ போட்டே பேசுகிறவன் நான். தைக்கிற ஊசி குத்தினால்கூட ‘அய்யோங்க’ என்றுதான் வரும். ஆனாலும் நான் அச்சில் படித்த பேய்களெல்லாம் சுத்தமாக ‘உன்னைப் பழிவாங்காமல் ஓயமாட்டேன்’ என்றுதான் பேசின. எங்கள் ஊர்ப்பக்கம் செத்தவர்கள் யாரும் அந்தப் புத்தகங்களில் எழுந்து வரவே இல்லை. அதனால் ஆத்தூர்த் தம்பி, இரண்டாம் பாகத்தில் எல்லா ‘ங்க’வையும் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது, நான் தலையாட்டினேன். அந்தம்மாவிடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் கேபினுக்குள் தம்பி திருத்திய தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஜவுளிக்கடைப் பெண் கனைத்துக்கொண்டு படித்தாள். “நான் வந்துவிட்டேன். உள்ளே வருகிறேன்.”

அந்தம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, எத்தன சதவீதம் தள்ளுபடி?”

அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். “நான் என்னங்கக்கா பண்றது? இப்படி எழுதியிருந்தா வாயி தானா கடைக்குப் போயிருதுங்க.”

அந்தம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். எட்டு இடத்தில் ‘ங்க’ போயிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கும் தெரியுமுங்களா இது?”

“தெரியுமுங்க” என்றேன்.

“அப்ப என் கதையக் குடுத்துருங்ணா. நான் எழுதுனது இது ஒண்ணுதானுங்க. அதுவும் என் வாயில வராத பேச்சா வெளிய போறதுக்கு, போவாமயே இருக்கட்டும்.”

தம்பி பதறிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. கதை ஜெயிக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் துடித்தவர். “அக்கா, கோவப்படாதீங்க. நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லல. அவ தடத்துல நின்னு ‘வந்துட்டேனுங்க’ங்கிறா. வாசல்ல அதே. அடுப்படியில அதே. கேக்கறவனுக்குப் பழகிடும்க்கா. அந்தப் புருசனுக்கே பழகிடும். கடைசியில காதுக்கிட்ட வந்தும் அதையே சொன்னா, பயம் எங்கக்கா இருக்கு?”

சரியான கேள்விதான். வெளியே தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடியக் கால்மணி இருந்தது. பிறகு கிரைண்டர் போட்டுவிடுவார்கள், மறுநாள் பூசை முடிந்ததும் வண்டி போய்விடும்.

“அவ உசுரோட இருந்த வரைக்கும் அந்தாளுகிட்ட ஒரு வார்த்த ‘ங்க’ இல்லாமப் பேசுனவ இல்லீங்க தம்பி. அடி வாங்குனப்பக்கூட ‘வேண்டாமுங்க’ன்னுதான் சொல்லியிருப்பா. பயம் வரோணும், செரிங்க. அதுக்குன்னு, செத்துப்போயிட்டா மரியாதையும் கூடவே செத்துப்போயிருமுங்களா?”

அந்தம்மா, தான் கேட்டதைத் தானே இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறவர் மாதிரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த அவருடைய பழைய சீட்டுகளை எடுத்து, கடைசிச் சீட்டைத் தனியாகப் பிரித்தார். அந்தப் பெண்ணிடம் பேனா வாங்கினார். முன்னால் இருந்த ஏழு ‘ங்க’வையும் தொடவில்லை. கடைசி வரியில், காதோரம் வருகிற அந்த ‘வந்துட்டேனுங்க’வில் ‘னுங்க’ என்ற மூன்றெழுத்தை மட்டும் ஒரே கோட்டில் அடித்தார். அந்த இடத்தில் ஒரு ‘ன்’ போட்டார்.

“மத்ததெல்லாம் எப்பவும் பேசற மாதிரிப் படி சாமி” என்று சீட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். “இத மட்டும் மெதுவாச் சொல்லு.”

பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை அவரே மேலே ஏற்றினார்.