துப்பாக்கிப் பெட்டியில் ஒரு காலி இடம்

பழைய துப்பாக்கி வியாபாரத்தில் துப்பாக்கி கிடைப்பது பெரிய காரியமில்லை. அதோடு கூடப் பிறந்த சில்லறைச் சாமான்களைத் தேடிப் பிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். துப்பாக்கியை யாரும் தொலைப்பதில்லை, சுவரில் மாட்டிவிடுகிறார்கள். வெடிமருந்துக் குப்பி, ஈயத்தில் ரவை வார்க்கும் அச்சு, குழலுக்குள் மருந்தைக் குத்தித் திணிக்கும் கோல் போன்றவைதான் வீடு மாறும்போது குப்பையோடு போய்விடுகின்றன. தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் அப்படி ஒரு கடையில் நான் நின்றேன். கடையில் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் என் பாடு விளங்கும். நீங்கள் விற்றது சேலையோ செருப்போ, வாங்க வருகிற ஆள் எங்கும் ஒரே ஆள்தான்.

நேர்முகப் பரீட்சை

மங்கரே விமான நிலையத்தில் சரக்குகளைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒரு வழியாகிவிட்டது. பாரம் தூக்காத வேலை எதுவானாலும் சரி என்று தேடியபோதுதான் கொலினின் கடை வாசலில் 'ஆள் தேவை' என்ற அட்டையைக் கண்டேன். கொலின் வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர், சிரிக்காமலே பகிடி விடுகிற மனிதர். உள்ளே போனால் சுவர் முழுக்கத் துப்பாக்கி. கால் வாசல் பக்கம் திரும்பத்தான் பார்த்தது. அதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேலாக வாயே திறக்காத சாமான்கள் என்று என் காலுக்கு யார் சொல்வது?

"முன்னே பின்னே துப்பாக்கி பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். "யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறேன். நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எப்போதும் எதிரே நின்றுதான்" என்றேன். கொலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லதாய்ப் போயிற்று. முன்பக்கம் உனக்குத் தெரியும். பின்பக்கத்தை நான் சொல்லித் தருகிறேன்."

அக்காவின் மீன்கடை

வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொழும்பில் இருந்த அக்காவுக்கு உடனே போன் எடுத்தேன். "துப்பாக்கிக் கடையிலை வேலை அக்கா" என்றதும் லைன் வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தேன். அது தானாக வெட்டுப்படவில்லை, அக்காதான் வைத்திருக்கிறா. "உனக்கு விசரே? உதுகளைப் போனிலை கதைக்கிறதே? ஆரும் கேட்டால் நீ மீன்கடையிலை எண்டுதான் சொல்லப்போறன். நீயும் அதையே சொல்லு" என்றா. சண்டைக் காலத்தில் எந்தச் சந்தியில் யார் மறிப்பான், யார் ஒட்டுக் கேட்பான் என்று தெரியாமல் இருந்தவவின் பயம் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து நான் மீன்காரன்.

அதற்குப் பிறகு கதையெல்லாம் மீன் பாஷையில்தான். ஒருநாள் கடைக்கு ஒரு அருமையான கைத்துப்பாக்கி வந்தது. சந்தோஷப் புளுகம் தாங்காமல், "அக்கா, நூற்றைம்பது வருசத்து மீன் ஒண்டு வந்திருக்கு" என்றேன். அக்கா யோசிக்கவே இல்லை: "ஐயோ தம்பி, நாறப்போகுது, கெதியா வித்துப்போடு."

பல் டாக்டரும் காலி இடமும்

அக்கா சொன்னபடி கெதியாக விற்க முடியவில்லை. அந்தத் துப்பாக்கி ஒரு மரப்பெட்டிக்குள் வந்தது. உள்ளே பச்சைத் துணி ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்தில் ஒரு குழி. துப்பாக்கிக்கு ஒன்று, ரவை அச்சுக்கு ஒன்று, மருந்தைப் பற்றவைக்கும் வெடித்தொப்பிகளின் டப்பாவுக்கு ஒன்று. மருந்துக் குப்பியின் குழி மட்டும் காலி. எங்கள் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர், பெட்டியைத் திறந்து அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

அவர் போனதும் கொலின் என்னைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். கடை இழுபறியில் ஓடுகிறது, பெட்டி போனால் நான் நிற்கலாம், பெட்டி நின்றால் நான் போகவேண்டியதுதான். மங்கரேயும் இடுப்பும் ஒன்றாக ஞாபகம் வந்தன. வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற மகள். அந்தக் காலிக் குழிக்குள் என் குடும்பமே படுத்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. இத்தனைக்கும் பல் டாக்டர் போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "ஆயுசு முழுக்க ஓட்டை அடைத்துச் சம்பாதித்தேன். காசு கொடுத்து ஒரு ஓட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்."

தக்காளிக்கு ஒத்தாசை

தேடல் தொடங்கியது. ஏலம், கராஜ் சேல், பழைய சாமான் சந்தை ஒன்றும் விடவில்லை. பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். தெற்கே ஒரு தோட்டக்காரர், தன்னிடம் ஒரு குப்பி இருக்கிறது என்று போன் எடுத்தார். மோட்டர்வேயில் வேகாத வெயிலில் ஓடிப்போனேன். அவர் காட்டியது பிராந்திக் குப்பி. அதுவும் காலி.

வந்ததுதான் வந்தோம் என்று தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தால், ஒரு தக்காளிச் செடிக்கு முட்டாக நட்டிருந்த இரும்பு என் கண்ணில் பட்டது. நுனி தடித்த, அந்தக் காலத்து மருந்து திணிக்கும் கோல். கொலின் வருஷக்கணக்காகத் தேடுகிற சாமான். துப்பாக்கி எங்கே என்றேன். ஷெட்டுக்குள் கிடக்கிறது என்றார். கோலைத் தாருங்கள், பதிலுக்கு நல்ல மூங்கில் கொண்டுவந்து நானே நட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. "துப்பாக்கி சும்மாதானே படுத்திருக்கிறது? தக்காளி வேலை செய்கிறது. அறுவடை முடியட்டும், வா."

ரசத்துக்கு ஒரு அமுக்கு

குப்பி கடைசியில் கிடைத்தது பாபடோயிட்டோயில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தோணி அண்ணன் ஈப்போவில் இருந்து வந்த மலேசியத் தமிழர். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ரசம் வந்தது. அவர் மனைவி அலமாரியில் இருந்து கறுத்துப்போன ஒரு செப்புக் குப்பியை எடுத்துக் கவிழ்த்து, அதன் தலையில் இருந்த விசையை ஒரு அமுக்கு அமுக்கினார். அளவாக மிளகுத்தூள் விழுந்தது. எனக்குக் கை வாய்க்குப் போகவில்லை. ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்து வேண்டுமோ அவ்வளவே விழும்படி அந்தக் காலத்தில் செய்த விசை, இங்கே ஒரு கிண்ணம் ரசத்துக்குக் கணக்காக இருந்தது.

ஏதோ கராஜ் சேலில் மசாலாப் போத்தல் என்று நினைத்து வாங்கினார்களாம். விஷயத்தைச் சொன்னேன், வேலை போகப்போவதையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணிக்குக் கொடுக்க மனமில்லை. புதிதாக ஒரு மிளகு அரைக்கும் குப்பி வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் கை தளர்ந்தது. அந்தோணி அண்ணன் வாசல்வரை வந்து தன் ஈப்போப் பேச்சில் சொன்னார்: "எடுத்துக்கிட்டுப் போ தம்பி. ஆனா இதுல மருந்து போட்டுச் சுட்டா, மொத வெடில எதிராளிக்குத் தும்மல்தான் லா வரும்."

பூசைக்கு வைத்த ஆயுதம்

குப்பியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கொலினுக்குச் செய்தி சொன்னேன். பல் டாக்டரைச் சனிக்கிழமை வரச் சொல்லியாயிற்று. பிறகு அவல், கடலை வாங்கக் கடைக்குப் போனேன். நவராத்திரி நேரம். என் மனைவி சாந்தி குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாவற்றையும் பழப்புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். கறுத்த செம்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாத குடும்பத்தில் பிறந்தவள். நான் திரும்பி வந்தபோது குப்பி சரஸ்வதி படத்துக்கு முன்னால், குங்குமப் பொட்டோடு தகதகவென்று இருந்தது. "உங்கடை தொழில் ஆயுதமெல்லோ, பூசைக்கு வைக்க வேணும். என்ன ஊத்தை அப்பா, மூண்டு தரம் உரஞ்சினனான்" என்றாள், பாராட்டை எதிர்பார்த்து.

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.  கொலினுக்குப் போன் எடுத்து, கறுப்பு போய்விட்டது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். முழுதும் என்றேன்.  கொலின் மெல்லச் சொன்னார்: "அந்த மனிதர் செம்புக்குக் காசு தரவில்லை. நூற்றைம்பது வருஷத்து அழுக்குக்குத்தான் தருகிறார்."

கந்தகம்

சாந்தி ஊரில் இரசாயனம் படிப்பித்த ரீச்சர். விஷயம் விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. திடீரென்று நிமிர்ந்தாள். அவித்த முட்டையை மசித்து, குப்பியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் முட்டையில் இருக்கிற கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. உடனே முட்டை எடுக்கப் போனேன்.

கையைத் தட்டிவிட்டாள். வீட்டில் விரதம். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் விஜயதசமி முடிகிறது, சனி காலை பல் டாக்டர் வருகிறார். முட்டையோடு கட்டி வைக்க ஒரு இரவு, நாற்றம் போகக் காற்றாட ஒரு மணித்தியாலமும் இல்லை. கராஜில் வைத்து அவிக்கட்டுமா என்று கேட்டேன். "வேலை போனால் போகட்டும். சரஸ்வதி இருக்கேக்கை இந்த வீட்டிலை முட்டை அவியாது."

வாய் பார்த்த அனுபவம்

சனிக்கிழமை. குப்பி கறுத்திருந்தது, மறுப்பதற்கில்லை. அங்கங்கே நீலம் பாய்ந்தாலும் பெட்டிக்குள் கனகச்சிதமாகக் குந்திக்கொண்டது. பல் டாக்டர் மூடியைத் திறந்தார். குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். மறுபடி குனிந்தார். கொலின் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாற்பது வருஷம் ஆட்களின் வாயைப் பார்த்தவன் நான். இந்தப் பெட்டி காலையில் முட்டை சாப்பிட்டிருக்கிறது" என்றார்.

அதற்கு மேல் மறைத்து என்ன? ரசம், புளி, பூசை, முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மங்கரேக்குப் போகிற பஸ் நேரத்தை மனசுக்குள் பார்க்கத் தொடங்கினேன். டாக்டர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடினார், கக்கத்தில் வைத்தார், கொலினின் மேசையில் காசோலைப் புத்தகத்தை விரித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "புதியதைப் பழையது என்று என் தலையில் கட்டியவர்கள் எத்தனையோ பேர். பழையதைப் புதிதாக்கி, பயந்துபோய்த் திரும்பப் பழையதாக்கி, அதையும் ஒப்புக்கொண்டு விற்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன்."

என் வேலை நிலைத்துவிட்டது. ஆனால் அன்று முதல் கடைக்கு வருகிற செம்புச் சாமானையெல்லாம் கொலின் அலமாரியில் வைத்துப் பூட்டுவது கள்ளனுக்குப் பயந்தல்ல, சாந்தியின் பழப்புளிக்குப் பயந்துதான்.